செல்ஃப் அடிக்கும்போது முள்ளைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் கார். மதிய நெரிசலில் சில்க் போர்டு தாண்டுவதற்குள் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்துவிட்டு, ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க் சென்சாரைத்தான். இன்ஜின் சுற்றும் வேகத்தை ஈசிஎம்முக்குச் சொல்வது அதுதான். அந்தச் சிக்னல் வராவிட்டால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் நின்றுவிடும். பல சென்சார்களில் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

அடுத்த முறை நின்றதும், ஓரம் கட்டிவிட்டு செல்ஃப் அடித்தபடி ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். இன்ஜின் சுற்றியும் முள் பூஜ்யத்திலேயே கிடந்தால் கோளாறு சென்சாரிலோ அதன் வயரிலோ இருக்கலாம். 200 பக்கம் லேசாக எழுந்தால் சிக்னல் வருகிறது, பெட்ரோல் பம்பைப் பாருங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். சில கார்களில் செல்ஃப் அடிக்கும்போது முள் அசையவே அசையாது, மீட்டரின் அமைப்பே அப்படி. அதனால் நாளைக் காலை முதல் ஸ்டார்ட்டிலேயே அசைகிறதா என்று பார்த்து வையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் உங்களுக்கு இந்தச் சோதனை பயன்படாது. ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது அந்த நேரத்தில் சென்சார்கள் சொல்லும் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் வண்டி சூடாக நின்றுபோன நிலையில். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் கிராங்க் சென்சார் கோளாறுக்கான பி0335 என்ற கோடு இருந்தால் சென்சார், கப்ளர் (வயரைச் சென்சாரில் மாட்டும் இணைப்பு), வயர் மூன்றில் எதுவும் கெட்டிருக்கலாம். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயரை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒரு காரில் கப்ளரைக் கழற்றினால் பின்களில் கறுப்பாக ஆயில். துடைத்து மாட்டியதும் ஓடியது. அதற்குள் அந்தக் கார்க்காரரிடம் இரண்டு சென்சாருக்குக் காசு வாங்கிவிட்டிருந்தார்கள்.

சென்சார்தான் என்று உறுதியானாலும், கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குத் தானே போய் வாங்கி வருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். அங்கே நல்ல கடைகள் உண்டு, பில் இல்லாத டூப்ளிகேட்டும் உண்டு. சேசிஸ் நம்பரைச் சொல்லி நீங்களே வாங்குங்கள். கழற்றிய பழையதையும் கேட்டு வாங்குங்கள்.

2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளமே தொடங்கியது. ஆனாலும் தெருமுனை மெக்கானிக்குக் கையில் ஒரு வயரிங் படம் கிடைப்பது இன்றைக்கும் பெரும்பாடு. அதனால்தான் புரியாத கோளாறெல்லாம் ஈசிஎம் தலையில் விழுகிறது, செலவு உங்கள் தலையில்.

சரியாகும்வரை எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறாதீர்கள். ஓட்டத்தில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக்கும் இறுகிவிடும்.