ஃபேமிலியா, மனநலமா, அக்யூட் கேரா?

கேள்வி: மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு) எழுதி ஹியூஸ்டன் வந்தவள் நான். ஆறு வருடமாக மெடிக்கல்-சர்ஜிகல் வார்டில் நைட் டியூட்டி. நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸான நர்ஸ் பிராக்டிஷனர் ஆகப் படிக்கப்போகிறேன். ஃபேமிலி பிரிவில் கூட்டம் அதிகம், மனநலம் எடு, சம்பளமும் கூட என்கிறாள் தோழி. பத்து வருடம் கழித்தும் வேலை இருக்கும் பிரிவு எது அக்கா?
– வாசகி, ஹியூஸ்டன்

பதில்: தோழி சொல்வதில் பாதி உண்மை, தங்கச்சி. அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் ஃபேமிலிதான், அதனால் பெரிய ஊர்களில் முதல் வேலை கிடைக்கும்வரை கொஞ்சம் திண்டாட்டம். ஆனால் இந்த வேலை 2023 முதல் 2033-க்குள் 46 சதவீதம் கூடும் என்று அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையே கணித்திருக்கிறது. வேலை இருக்கும், எந்த இடத்தில், எந்த நோயாளிகளோடு என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஃபேமிலி படித்தால் பச்சைக் குழந்தை முதல் பாட்டி வரை எல்லாரையும் பார்க்கலாம், ஆனால் அது கிளினிக்குக்கான படிப்பு. அதை முடித்துவிட்டு ஐ.சி.யு.வில் வேலை கேட்டால் அடல்ட்-ஜெரோ அக்யூட் கேர் (பெரியவர்கள், முதியவர்களின் தீவிர நோய்களுக்கான பிரிவு) சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். இது தெரியாமல் சேர்ந்து, மறுபடி காசு கட்டி இன்னொரு சான்றிதழ் படித்தவர்களை எனக்கே தெரியும், பாவமாக இருக்கும். உங்களுக்கு ஆஸ்பத்திரியை விட மனமில்லை என்றால் அக்யூட் கேர்தான் என் ஓட்டு.

மனநலத்துக்கு ஆள் தேவை நிஜம். சைக்கியாட்ரிஸ்ட் பற்றாக்குறை, வீட்டிலிருந்தே வீடியோவில் நோயாளி பார்க்கும் வசதி, இரண்டும் சேர்ந்து இழுக்கிறது. சரி, ஒன்று சொல்லுங்கள்: ராத்திரி மூன்று மணிக்கு ஐ.வி. லைனைப் பிடுங்கிப்போட்டுக் கத்தும் நோயாளியின் அறைக்கு யார் போவது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்காருவது நீங்களா? ஆமாம் என்றால் தாராளமாகப் போங்கள். சம்பளத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், இரண்டே வருடத்தில் வெறுத்துவிடும்.

பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கு என்.ஐ.சி.யு. (பச்சிளம் குழந்தைகளின் ஐ.சி.யு.) அனுபவம் கேட்பார்கள், அதை விடுங்கள்.

டெக்ஸஸில் எந்தப் பிரிவானாலும் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். பக்கத்து நியூ மெக்ஸிகோவில் அது வேண்டாம். எதிர்காலத்தில் சொந்தமாக கிளினிக் வைக்கும் ஆசை இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், பீஸ் கட்டுவதற்கு முன் காலேஜில் ஒரு கேள்வி கேளுங்கள்: "கிளினிக்கல் பயிற்சிக்கு இடம் நீங்கள் பிடித்துத் தருவீர்களா, நானே தேட வேண்டுமா?" இப்போதைய தரவிதிப்படி குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். நான் படித்த காலத்தில் டியூட்டி இடைவேளையில் காரில் உட்கார்ந்துகொண்டு பதினான்கு கிளினிக்குகளுக்கு போன் போட்டேன், பதினைந்தாவதில்தான் ஒரு டாக்டரம்மா வரச்சொன்னார். இந்த வாரமே உங்கள் வீட்டிலிருந்து முப்பது மைலுக்குள் வந்திருக்கும் வேலை விளம்பரங்களை எடுத்து, எந்தச் சான்றிதழ், எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.