குயில் குஞ்சைக் கணக்கெடுத்த பிள்ளை

அன்புள்ள அம்மா,

போன கிழமை வெள்ளவத்தையில் நீங்களும் மகளும் அவளுடைய படிப்பைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்து பேசியபோது நேரம் போதவில்லை. சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மகள் இரண்டு தடவை உயர்தரப் பரீட்சை எழுதியும் மருத்துவ அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி (Z-score) எட்டவில்லை. இப்போது கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. அதை எடுப்பதா, மூன்றாம் தடவையும் எழுத வைப்பதா என்று கேட்டீர்கள்.

பிள்ளை அரை மணித்தியாலம் வாயே திறக்கவில்லை. எதைப் படிக்கப் பிடிக்கும் என்று கேட்டபோதுதான், வீட்டுப் பக்கத்து மரத்தில் ஒரு காகம் குயில் குஞ்சுக்குத் தீனி கொடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள். எத்தனை மணிக்கு எத்தனை தடவை கொடுத்தது என்று கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறாள். நீங்கள் இடையில், "குருவி பார்த்து என்ன சாப்பிடுறது?" என்றீர்கள். தாய் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஒழுங்கான பதில் தருகிறேன்.

மகள் பார்த்தது ஒட்டுண்ணி வாழ்க்கையின் ஒரு வகை. குயில் கூடு கட்டுவதில்லை, காகத்தின் உழைப்பில் தன் குஞ்சை வளர்க்கிறது. ஓரிடத்தில் சேர்ந்து வாழும் எல்லா உயிரினங்களையும் சாகியம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்குள் யார் யாரைத் தின்கிறார்கள், யாருக்குள் போட்டி, யார் யாருக்குத் துணை, யார் யாரை உறிஞ்சி வாழ்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. இரைகௌவல், போட்டி, ஒன்றியவாழ்வு என்று பரீட்சைக்குப் பாடமாக்கிய சொற்களுக்குப் பின்னால் ஒரு நாட்டின் சோறும் தண்ணீரும் இருக்கின்றன.

சல்வீனியாவின் கதையைக் கேளுங்கள். தென்கிழக்கு பிரேசிலைச் சொந்த இடமாகக் கொண்ட இந்த மிதக்கும் செடி, 1939இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது வேறு யாருமில்லை, கொழும்பில் அன்றிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை, படிப்புக்காக. இன்று உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் முன்னோடிதான் அந்தக் கல்லூரி. அங்கிருந்து தப்பிய செடி வயல்களையும் குளங்களையும் வாய்க்கால்களையும் மூடியது. மேலே பாய் விரித்தது போல் மூடியதும் தண்ணீருக்குள் வெளிச்சமும் ஒட்சிசனும் குறைந்தன. பிடுங்கப் பிடுங்க வளர்ந்தது. சொந்த ஊரில் அடக்கமாக இருந்த செடி இங்கே ஏன் இப்படி ஆனது? அங்கே அதைத் தின்னும் பூச்சி இருந்தது, இங்கே இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பூச்சியைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் போயின. முதலில் செடியையே வேறோர் இனம் என்று நினைத்து, அந்த இனத்தின் மேல் வாழும் ஒரு கூன்வண்டைச் சில நாடுகளில் விட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1972இல்தான் இது தனி இனம் என்று பெயரிடப்பட்டது. பிறகு பிரேசிலில் அதன் சொந்த இடத்தைக் கண்டு, அங்கே அதன் மேல் இருந்த வண்டைப் பிடித்து 1980இல் அவுஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் விட்டார்கள். செடி அழிந்தது. பழைய வண்டைப் போலவே தெரிந்த அது உண்மையில் புதிய இனம் என்பது 1985இல்தான் தெளிவானது. பெரிய வண்டி அருகில் போகவும் மருந்தடிக்கவும் முடியாத இடங்களில், இரண்டு மில்லிமீற்றர் அளவுள்ள அந்த வண்டு குருத்தைத் தின்றது, அதன் புழு தண்டைத் துளைத்தது. 1986இல் இலங்கையிலும் விட்டார்கள், பல இடங்களில் செடி கட்டுக்குள் வந்தது.

அம்மா, இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வண்டுகளுக்குள் வித்தியாசம் பார்க்கக் கூடிய கண் வேண்டியிருந்தது. கொப்பியில் குயில் குஞ்சைக் கணக்கெடுத்த பிள்ளைக்கு அந்தக் கண் இருக்கிறது. அதை ரியூஷனில் வாங்க முடியாது.

சிங்கராஜக் காட்டில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடிப் போவதை 1981 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். பின்னாளில் கொழும்பில் பேராசிரியராக இருந்த சரத் கொட்டகமவின் பங்கு அதில் பெரியது. அந்தக் கூட்டத்திலுள்ள கரிச்சான் மற்ற இனங்களின் அபாயக் குரலைப் போலவே கத்துகிறது என்று அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். உலகம் வாசிக்கும் ஆய்வு, நம் காட்டில் நடந்தது.

சரி, வேலைக்கு வருவோம். மத்திய சுற்றாடல் அதிகார சபை, வனசீவராசிகள் திணைக்களம், மட்டக்குளியிலுள்ள நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா, கட்டுநாயக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை, டெங்கு நுளம்பைக் கவனிக்கும் சுகாதாரப் பூச்சியியல் பிரிவுகள் என்று அரசாங்கத்தில் வழிகள் உண்டு. பெரிய கட்டடமோ வீதியோ வரும்போது சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் ஆள் தேவை. ஆனால் மறைக்க மாட்டேன்: அரசாங்க வெற்றிடங்கள் ஒழுங்காக வருவதில்லை, தொடக்கச் சம்பளம் டொக்டரின் சம்பளம் அல்ல. மூன்று வருடப் பட்டத்தோடு நின்றால் கஷ்டம். நான்காம் வருடச் சிறப்புப் பட்டம் வரை போக வேண்டும். புள்ளிவிபரவியலை விரும்பிப் படிக்க வேண்டும். நான் பார்த்தவரை பிள்ளைகள் ஒதுக்குவதும் அதைத்தான், வேலை தருவதும் அதுதான். சிங்களத்தில் சரளமாகப் பேசவும் பழகட்டும், களத்தில் கிராமத்து மனிதர்களோடு பேசாமல் வேலை நடக்காது.

பெண் பிள்ளை காட்டுக்குப் போவதா என்ற பயம் உங்கள் முகத்தில் தெரிந்தது. பல்கலைக்கழகக் களப் பயணங்கள் குழுவாக, விரிவுரையாளர்களோடு போகிறவை. எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது என்று கேட்டுப் பழகுங்கள், தடுக்க வேண்டாம்.

என் முடிவு: இடத்தை எடுக்கட்டும். மூன்றாம் தடவை என்பது அவளே ஆசைப்பட்டால் மட்டும். பதிவுக்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை இருவரும் சேர்ந்து வாசியுங்கள், கடைசித் திகதியைத் தவற விடாதீர்கள்.

அதற்கு முன் ஒரு சனிக்கிழமை விடியற்காலை அவளோடு பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது இப்படியான இடங்களால்தான். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அவள் எதைப் பார்க்கிறாள், கொப்பியில் என்ன எழுதுகிறாள் என்று மட்டும் பாருங்கள். அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியையும் எடுத்து வாருங்கள்.