ஆடித் தள்ளுபடியும் ஆகஸ்ட் குளிரும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

ஜூலை பிறந்தால் போதும், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனில் கேட்வே, பெவிலியன், சாட்ஸ்வொர்த் சென்டர் என்று எந்த மால் பக்கம் திரும்பினாலும் சிவப்பு ஸ்டிக்கர்தான். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் குளிர்காலத் தள்ளுபடியைப் பற்றியே இருந்ததால், சமையல் சந்தேகங்களையும் பஞ்சாங்கக் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, சென்னையிலிருந்து வந்த எங்களுக்கு இங்கே இது முதல் குளிர்காலம். ஜெர்சி (ஸ்வெட்டர்), கோட், டூவே (மெத்தென்ற கனமான போர்வை) எல்லாம் வாங்க வேண்டும். விலை இன்னும் இறங்கும் என்கிறார்கள், காத்திருக்கலாமா?
(மிட்ராண்ட் வாசகி)

முதல் குளிர்காலம் என்றால் காத்திருக்காதே தங்கச்சி. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பகலில் நல்ல வெயிலடிக்கும், ராத்திரி பூஜ்யத்தைத் தொடும். வீடுகளில் டைல்ஸ் தரைதான், ஹீட்டிங் வசதி எதையும் சேர்த்துக் கட்டுவதில்லை. ஆளுக்கு ஒரு நல்ல ஜெர்சியும் கட்டிலுக்கு ஒரு டூவேயும் இன்றைக்கே, என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கிவிடு. காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனால் தள்ளுபடி கிடையாது.

மற்றதற்குக் காத்திருக்கலாம். இங்கே குளிர்காலச் சரக்கு, நமக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கும் பிப்ரவரி, மார்ச்சிலேயே கடைக்கு வந்துவிடும். ஜூன் கடைசியில் முதல் குறைப்பு, ஜூலையில் இன்னொன்று, ஆகஸ்டில் கோடைத் துணிகள் முன்வரிசைக்கு வந்து மிச்சம் மீதியெல்லாம் பின்னால் ஒரு ஸ்டாண்டுக்குப் போய்விடும். விலை ரொம்பக் குறைவது அந்தப் பின்வரிசையில்தான், ஆனால் அதற்குள் நடு சைஸ் எல்லாம் காலியாகி, மிகச் சின்னதும் மிகப் பெரியதும்தான் தொங்கும். எனவே உனக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டிய கோட்டை முதல் குறைப்பிலேயே வாங்கு; போர்வை, சாக்ஸ், பிள்ளைகளின் ஜெர்சி, இதெல்லாம் கடைசிக்கு. பிள்ளைகளுக்கு எடுக்கும்போது ஒரு சைஸ் பெரிதாக எடு, அடுத்த மே மாதம்தானே போடப் போகிறார்கள்.

டர்பனுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அவர்களிடமும் சொல்லிவை. நம் ஊரில் ஜூலை மத்தியானம் இருபது டிகிரிக்கு மேல்தான். ஆனாலும் ஜோஹன்னஸ்பர்க் கடையில் தொங்கும் அதே கனமான கோட்டை இங்கேயும் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். யார் வாங்குவது? நான் பார்த்தவரை அந்த வகைக் கோட்டு இங்கேதான் அதிக நாள் கிடக்கிறது.

ஆடி மாதத்தில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்கிறார் என் மாமியார். டூவே செட் பாதி விலைக்கு ஓடுகிறது. என்ன சொல்லிச் சமாளிப்பது?
(லெனேசியா வாசகி)

ஆடியில் வாங்கக் கூடாது என்றால் சென்னை தியாகராய நகரில் அந்த மாதம் கால் வைக்க இடமில்லாமல் இருப்பது எப்படி? ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் படுத்துவிடும், சரக்கைத் தள்ளத்தான் ஆடித் தள்ளுபடியே வந்தது. இங்கே அதே மாதம் குளிர்காலத்தின் வால் பகுதியில் வந்து விழுகிறது, அவ்வளவுதான். எப்படியும் மாரியம்மனுக்கு ஆடிக்கஞ்சி ஊற்றப் பெரிய அண்டா வேண்டுமல்லவா, பாத்திரப் பிரிவிலும் தள்ளுபடி என்று மாமியாரையே கூட்டிக்கொண்டு போங்கள். டூவே பிரிவு எந்தப் பக்கம் என்று அவரே கேட்பார்.

கடையில் 199 ரேண்ட் என்று போட்டிருந்த பிளாங்கெட், டில்லில் (பில் போடும் கவுண்டரில்) 349 என்று அடித்தது. கேட்டால் "சிஸ்டத்தில் அதுதான் விலை" என்கிறார் பையன். பின்னால் வரிசை நீளமாக இருந்ததால் கொடுத்துவிட்டு வந்தேன். என் பக்கம் நியாயம் உண்டா?
(ஃபீனிக்ஸ் வாசகர்)

நியாயம் மட்டுமில்லை அண்ணா, சட்டமே உங்கள் பக்கம்தான். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011 முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 23ஆம் பிரிவுப்படி, காட்டிய விலைக்கு மேல் உங்களிடம் கேட்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததுதான் விலை. சிஸ்டம் என்ன சொல்கிறது என்பது கடைக்காரரின் கவலை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தள்ளுபடி சமயத்தில் இதுதான் அடிக்கடி தகராறாகிறது. பழைய விலைச் சீட்டின் மேல் புதிய ஸ்டிக்கரை ஒட்டி, பழையது முழுக்க மறைந்துவிட்டால், மேலே இருப்பதுதான் சட்டத்தின் கண்ணில் விலை. நகத்தால் சுரண்டி அடியில் குறைந்த விலையைக் கண்டுபிடித்து டில்லில் சண்டை போட முடியாது. ஆனால் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டப்பட்டு இரண்டு விலையும் தெரிகிறது என்றால், குறைந்ததைக் கேளுங்கள். அதே மாதிரி 4,999 ரேண்ட் ஹீட்டருக்கு யாரோ தப்பாக 49 என்று ஒட்டியிருந்தால், அது பார்த்தவுடன் தெரியும் தவறு. கடை அதைத் திருத்தி, வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்படி அறிவித்துவிட்டால் அந்த விலைக்குத் தர வேண்டியதில்லை.

நடைமுறையில் ஒன்று செய்யுங்கள். ஸ்டாண்டின் மேல் பலகையையும் துணியில் தொங்கும் சீட்டையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு டில்லுக்குப் போங்கள். பலகை எந்த வகைக்கு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதையும் படியுங்கள், ஏனென்றால் யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு வேறு ஸ்டாண்டில் மாட்டிய உருப்படிக்கு அந்தப் பலகை செல்லாது. தகராறு வந்தால் டில் பையனிடம் கத்திப் பயனில்லை, பாவம், மானேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஸ்லிப் (ரசீது) இன்னும் கையில் இருந்தால் இப்போதும் போய்க் கேட்கலாம்.

டின்னர் செட் கிளியரன்ஸ் பார்க்கப் போன இடத்தில் என் பேரன் கை பட்டு ஒரு தட்டு உடைந்துவிட்டது. உடைத்தால் காசு என்று பலகை வைத்திருக்கிறார்கள் என்று முழு செட்டுக்கும் வாங்கிக்கொண்டார்கள்.
(பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓர் ஆயா)

ஆயா, அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, காட்சிக்கு வைத்த பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பில்லை என்கிறது. மிக மோசமான கவனக்குறைவு, வேண்டுமென்றே செய்தது, திருட்டு மாதிரியான குற்றம், இவை மட்டும்தான் விலக்கு. குறுகலான வழியில் தட்டை அடுக்கி வைத்தால் குழந்தையின் கை படத்தான் செய்யும். பேரன் அங்கே கிரிக்கெட் ஆடவில்லையே? அப்படியென்றால் ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு போய் மானேஜரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எழுத்திலும் கொடுங்கள்.

கிளியரன்ஸில் வாங்கிய எலெக்ட்ரிக் பிளாங்கெட் மூன்றாம் வாரமே ஒரு பக்கம் சூடாகவில்லை. "தள்ளுபடிப் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்று ஸ்லிப்பிலேயே அச்சடித்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
(சாட்ஸ்வொர்த் வாசகி)

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், இனி அதைப் போட்டுப் படுக்காதீர்கள். பாதி சூடாகும் பிளாங்கெட்டுக்குள் கம்பி அறுந்திருக்கலாம், அது தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

அப்புறம் கடைக்குப் போங்கள். ஸ்லிப்பில் என்ன அச்சடித்திருந்தாலும், வாங்கி 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால் பழுது பார்ப்பதா, வேறு தருவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு, கடைக்கு இல்லை. அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு. விலை குறைத்து விற்றது அந்த உரிமையைக் குறைக்காது. பழுது பார்த்துக் கொடுத்து, 3 மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால் மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும்.

எங்கே இது செல்லாது? "இதில் இந்த இடத்தில் கறை இருக்கிறது", "ஜிப் வேலை செய்யாது" என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் சரி என்று வாங்கியிருந்தால், அந்தக் குறைக்காகத் திருப்ப முடியாது. நிறம் பிடிக்கவில்லை, கணவருக்கு இறுக்கமாக இருக்கிறது என்பதற்கும் சட்டம் வராது; அது கடையின் சொந்த விதி, தள்ளுபடியில் பெரும்பாலும் மறுப்பார்கள், மறுக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் மட்டும் கதை வேறு: கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு உங்களுடையது.

கடை ஒத்துவரவில்லை என்றால் நுகர்வோர் பொருட்கள், சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. அதற்கு மேல் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பெரும்பாலும் ஆம்பட்ஸ்மன் பேரைச் சொன்னவுடனேயே மானேஜரின் குரல் இறங்கிவிடும்.

எலெக்ட்ரிக் பிளாங்கெட் விலைக்கே ஆயில் ஹீட்டரும் தள்ளுபடியில் கிடைக்கிறது. எது வாங்கலாம்?
(பெனோனி வாசகர்)

கரண்ட் பில்லை யார் கட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. 2,000 வாட் ஹீட்டர் விடாமல் 5 மணி நேரம் எரிந்தால் 10 யூனிட். சூடு ஏறியதும் தானாக நின்று நின்று எரிவதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 100 வாட் பிளாங்கெட் 8 மணி நேரத்துக்கும் ஒரு யூனிட் ஆகாது. தூங்க மட்டும் என்றால் பிளாங்கெட், குழந்தை படிக்கும் அறைக்கு என்றால் ஹீட்டர்.

கையில் முழுப் பணம் இல்லை. லே-பையில் (தவணையாகக் கட்டி முடித்த பின் பொருளை எடுப்பது) போடலாமா, கடை அக்கவுண்ட் (கடன் கணக்கு) திறந்தால் 10% கூடத் தள்ளுபடி என்கிறார்களே, அதைச் செய்யலாமா?
(டோங்காட் வாசகி)

லே-பை. யோசிக்கவே வேண்டாம். வட்டி கிடையாது, முழுதாகக் கட்டும் வரை பொருள் கடையின் பொறுப்பில் இருக்கும், நடுவில் தொலைந்தாலோ கெட்டாலோ நஷ்டம் அவர்களுடையது. பாதியில் விட்டுவிட்டாலும் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்ப வேண்டும். தள்ளுபடிப் பொருளுக்கு லே-பை உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சில கடைகள் ஒத்துக்கொள்ளாது. அக்கவுண்டில் 10% கிடைக்கும், சரி, அப்புறம் மாதாமாதம் வரும் ஸ்டேட்மென்ட்டில் வட்டி, இன்ஷூரன்ஸ், கிளப் கட்டணம் என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். 300 ரேண்ட் ஜெர்சிக்கு இவ்வளவு உறவு வேண்டாம்.

திருச்சியிலிருந்து என் அத்தை வந்திருக்கிறார், ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறார். தள்ளுபடியில் கம்பளிகளும் ஒரு ஹீட்டரும் வாங்கிக் கொடுத்தால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) திரும்பக் கிடைக்குமா? அங்கே பிளக் பொருந்துமா?
(சென்ச்சூரியன் வாசகர்)

அத்தை இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாக வந்தவர் என்றால் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. எனவே கடையில் பணம் கொடுக்கும்போதே அத்தையை முன்னால் நிறுத்துங்கள். மொத்தம் 250 ரேண்டுக்கு மேல் இருக்க வேண்டும், வாங்கிய 90 நாளுக்குள் நாட்டை விட்டுப் பொருள் போக வேண்டும், சாதாரண ஸ்லிப் போதாது, டாக்ஸ் இன்வாய்ஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். பில் 5,000 ரேண்டைத் தாண்டினால் அதில் அத்தையின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்னால் பொருளைக் காட்ட வேண்டும், இதை மறந்து பெட்டியை அனுப்பிவிட்டு நிற்பவர்கள் ஏராளம். 1,150 ரேண்ட் பில்லில் வாட் 150. அதில் ஒரு கமிஷன் போக மீதி வரும்.

பிளக்? நம் பெரிய மூன்று உருண்டைப் பின், இந்தியாவில் ஏசி, கீஸருக்கு வைக்கும் பெரிய சாக்கெட்டில் உட்காரும், வோல்டேஜும் 230தான். ஆனால் திருச்சிக்கு ஹீட்டரா? அத்தை ஊட்டியில் வீடு வாங்கியிருக்கிறாரா? அந்த எடைக்கு ஒரு மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) போர்வை எடுங்கள். உலக மொஹேரில் பெரும்பங்கு நம் கரூ வறள்நிலப் பக்கத்து ஆடுகளிடமிருந்துதான் போகிறது. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். என்ன நூல், எந்த நாடு என்று போட்டிருக்க வேண்டியது சட்டம். முன்பக்கம் "மொஹேர் டச்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பின்னால் 100% பாலியெஸ்டர் என்று இருந்தால் அப்படியே மடித்து வைத்துவிட்டு வாருங்கள்.

மலிவாகக் கிடைத்ததே என்று போன ஆகஸ்டில் வாங்கி வைத்த ஜெர்சிகளை மே மாதம் எடுத்தால் பூஞ்சை பூத்திருக்கிறது.
(அம்லங்கா வாசகி)

கடலோரத்துக் கோடை ஈரம் அப்படி. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்தீர்களா? அதைக் கழற்றிப் போடுங்கள். மழை தொடங்கும் முன், ஆகஸ்ட் காற்று வறண்டு வீசும் ஒரு நாளில் நிழலில் நன்றாகக் காயவைத்து, பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள். கம்பளிக்குப் பாச்சை உருண்டை துணியோடு ஒட்டாமல் மூலையில் இருக்கட்டும், குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. ஜனவரியில் ஒரு முறை பீரோவைத் திறந்து காற்றாட விடுங்கள். இப்போது பூத்திருக்கும் பூஞ்சையை வீட்டுக்கு வெளியே வைத்து பிரஷால் தட்டிவிட்டு, வினிகர் கலந்த குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், துண்டு விரித்து அதன் மேல் படுக்கப்போட்டுக் காயவையுங்கள்.