வயல்வேலை செய்பவருக்கும் சர்க்கரையா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் விவசாயம் செய்கிறேன், வயது 44. மருத்துவ முகாமில் வெறும் வயிற்றில் சர்க்கரை 112 என்று எழுதி, முன்நீரிழிவு (நீரிழிவுக்கு முந்தைய நிலை) என்றார்கள். இது பட்டணத்தாருக்கு வருவது அல்லவா?

பதில்: இந்த நம்பிக்கையே கிராமத்தில் பலரைப் பரிசோதனைப் பக்கம் வரவிடாமல் தடுக்கிறது என்பது என் வருத்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நீரிழிவு நகரங்களில் 16.4 சதவீதமாகவும் கிராமங்களில் 8.9 சதவீதமாகவும் இருந்தாலும், முன்நீரிழிவு மட்டும் இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ 15 சதவீதமாகவே இருக்கிறது. அதாவது, நாளைய நோயாளிகள் கிராமத்திலும் அதே அளவில் காத்திருக்கிறார்கள்.

நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது, டீக்கடைக்குக்கூட வண்டியில்தான் போகிறோம். ஆனால் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவருக்கு வைத்த அதே சோற்றுக் குவியல்தான், ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலோடு, இன்றும் தட்டில் இருக்கிறது. பெற்றோருக்கு நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டிய இடுப்புச் சுற்றளவு, கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை முன்நீரிழிவுதான் என்பதால் பயப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். சோற்றைக் குறைத்து, காய், கீரை, பயறு கூட்டி, நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பவும் வாய்ப்புண்டு.