ஃபேன்சைன் ஆசிரியர் என்பவர் யார்? காசு வராத இதழை எதற்காக நடத்தினார்கள்?

ஃபேன்சைன் என்பது வாசகர்களே கைக்காசு போட்டு, சக வாசகர்களுக்காக நடத்தும் சிறு இதழ். அதைத் தொகுத்து, அச்சடித்து, தபாலில் சேர்ப்பவர்தான் ஆசிரியர். பெரும்பாலும் ஒரே ஆள்.

1926இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழ் வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டது. அறிவியல் புனைகதையைப் பேச ஊரில் ஆளில்லாமல் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். ஒரே விஷயத்தைப் பலருக்குத் தனித்தனியாக எழுதுவதைவிட இதழாக அடித்து அனுப்புவது சுலபம் அல்லவா?

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் அரசு ஊழியராக இருந்த வால்ட் வில்லிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் 'ஸ்லாண்ட்' இதழைத் தொடங்கினார். மற்றவர்கள் சைக்ளோஸ்டைல் என்ற நகலெடுக்கும் இயந்திரத்தில் ஓட்டிக்கொண்டிருக்க, இவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாகக் கோத்து, கையால் அச்சடித்தார். ஒரு பக்கத்துக்கே மணிக்கணக்கில் ஆகும் வேலை. எனக்கென்றால் பொறுமை இருக்காது. படங்களைச் செதுக்கித் தந்தவர் நண்பர் ஜேம்ஸ் வைட், பிற்காலத்தில் பேர்பெற்ற எழுத்தாளர்.

சரி, பலன்? கல்யாண மொய் மாதிரிதான். நீங்கள் இதழ் அனுப்பினால் பதிலுக்கு அவர்கள் இதழோ, கட்டுரையோ, நீண்ட கடிதமோ வரும். வில்லிஸுக்கு வந்த மொய் கொஞ்சம் பெரிது: 1952இல் ரசிகர்கள் நிதி திரட்டி அவரைச் சிகாகோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே வரவழைத்தார்கள்.

ஃபேன்சைன் என்றால் கத்துக்குட்டிகளின் கதைத் தொகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வில்லிஸின் அடுத்த இதழான 'ஹைஃபன்' பெரும்பாலும் ரசிகர்களைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரைகளும் அரட்டையும்தான்.