லிபர்டேரியன்கள் ஏன் எல்லா அரசியல் விவாதத்திலும் தென்படுகிறார்கள்?

அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் இவர்கள், எண்ணிக்கைக்கு மீறிய சத்தம் போடுவது ஏன் என்று கேட்கிறீர்கள். முக்கியக் காரணம், தேர்தலில் அவர்களுக்கு வழியில்லை. அமெரிக்காவில் 1971-இல் தொடங்கிய லிபர்டேரியன் கட்சி, அதிபர் தேர்தலில் தொட்ட உச்சமே 2016-இல் கேரி ஜான்சன் வாங்கிய சுமார் 3.3 சதவீதம்தான். முதலிடம் பிடித்தவருக்கே எல்லாம் என்ற முறையில் அது ஒன்றுமேயில்லை. மிச்சமிருப்பது வாதம் மட்டும்.

அப்புறம், கொள்கையும் வாதத்துக்கு வாகானது. 'யார் மீதும் முதலில் பலத்தைப் பிரயோகிக்காதே' என்ற ஒரே விதியிலிருந்து வரி, போதைப்பொருள், போர் என எதற்கும் விடை சொல்லிவிடுவார்கள். (விடை சரியா என்பது வேறு கதை.) வரியில் இடதுசாரிகளோடும் போதைப்பொருள் சட்டத்தில் வலதுசாரிகளோடும் மோதுவதால், சண்டைக்கு ஆள் பஞ்சமே கிடையாது. சும்மா இருக்கும் லிபர்டேரியனோ நம் கண்ணில் படுவதேயில்லை.