மார்பு தொளதொளத்தால் பால் வற்றிவிட்டதா?

கேள்வி: எனக்கு ஐந்து வாரப் பெண் குழந்தை. முதல் இரண்டு வாரம் மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்ளும், ஜாக்கெட்டெல்லாம் நனையும். இப்போது தொளதொளவென்று இருக்கிறது. பம்ப் வைத்தால் 20 மில்லிதான் வருகிறது. சாயங்காலம் ஆனால் மார்பை விடாமல் சப்பிச் சப்பி அழுகிறாள். பால் பற்றவில்லை என்று மாமியார் சொன்னதால் ஒரு வாரமாக ராத்திரி மட்டும் பவுடர் பால் கொடுக்கிறோம். பால் ஊற என்ன சாப்பிடலாம்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: சாப்பாட்டைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன், முதலில் குழந்தையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல், மஞ்சளாக இல்லாமல் வெளிறின சிறுநீர் போகிறாளா? பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பத் தொட்டாளா, அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூடியிருக்கிறதா? பவுடர் பால் தொடங்குவதற்கு முன்னால் எடுத்த எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள், இப்போதைய எடையில் இரண்டு பாலும் கலந்திருக்கிறது. இவை சரியாக இருந்தால் உங்களுக்குப் பால் குறையவே இல்லை.

மார்பு இளகியதற்குக் காரணம், முதல் வாரங்களில் தேவைக்கு மேல் சுரந்த உடம்பு இப்போது குழந்தையின் அளவைக் கண்டுகொண்டதுதான். பம்ப் ஒரு இயந்திரம், குழந்தையின் வாய் இழுக்கிற அளவுக்கு அதனால் இழுக்க முடியாது, அதனால் அந்த 20 மில்லியைப் பார்த்துக் கலங்காதீர்கள். பொழுது சாயும் நேரத்தில் விட்டுவிட்டு அடிக்கடி குடிப்பதும் அழுவதும் இந்த வயதுக் குழந்தைகள் நிறையப் பேர் செய்வதுதான்.

நான் பயப்படுவது அந்த ராத்திரிப் புட்டியைப் பார்த்துத்தான். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம், அந்த நேரத்தில் பார்த்து மார்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். குடிக்கப்படாமல் தேங்கும் பால், 'இவ்வளவு வேண்டாம்' என்று உடம்புக்குச் சொல்லிவிடும், சுரப்பு நிஜமாகவே குறையும், அப்போது இன்னொரு புட்டி வரும். அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், குழந்தை மருத்துவரிடம் எடை பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இரவும் பகலுமாக 8 முதல் 12 தடவை பால் கொடுங்கள். வாய் நன்றாகத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வ வேண்டும், தாடை மார்பில் பதிய வேண்டும், விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். தொடர்ந்து வலித்தால் பிடிப்பு சரியில்லை, விரலால் விடுவித்து மறுபடி வையுங்கள்.

சிறுநீர் குறைந்தாலோ எடை ஏறாவிட்டாலோ இதையெல்லாம் முயன்று பார்க்கிறேன் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். உங்களுக்கும் ரத்தசோகை, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள், கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ளவை பாலைக் குறைக்கும். மருத்துவர் சொல்லிப் பவுடர் பால் கொடுக்க வேண்டி வந்தால் அது குற்றமில்லை.

கேள்வி: மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று என் அம்மா தடுக்கிறார். சுறாப் புட்டு, பூண்டு, வெந்தயமெல்லாம் கொடுக்கலாமா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: பாட்டியின் பத்தியத்தில் பூண்டும் முருங்கைக்கீரையும் உளுந்தும் இருக்கட்டும், தண்ணீர்த் தடை மட்டும் வேண்டாம். தாகம் எடுக்கிற போதெல்லாம் குடிக்கட்டும், அதற்காகச் சொம்பு சொம்பாகத் திணித்தால் பால் கூடிவிடாது. இந்த உணவுகள் பாலைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, ஆனால் பெற்ற உடம்புக்குச் சத்து வேண்டும், பசியோடு இருப்பவள் எப்படி ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பாள்? சுறா போல மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அடிக்கடி வேண்டாம், உங்கள் ஊர் சாளையும் நெத்திலியும் அதைவிட மேல். சமையலில் போடுகிற வெந்தயம் சரி, பொடியாகவோ மாத்திரையாகவோ என்றால், முக்கியமாகச் சர்க்கரை நோய் மருந்து எடுப்பவர்கள், கேட்காமல் தொடங்கக் கூடாது. பால் சுரக்கும் என்று சிலர் வாங்குகிற டோம்பெரிடோன் மாத்திரையைப் பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள், அது சிலருக்கு இதயத்துடிப்பைக் கெடுக்கும். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ தேவையில்லை. தேன் ஒரு வயது வரை தொடவே வேண்டாம்.

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். பீச்சிய பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்?
- வாசகி, சென்னை

பதில்: சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்பார்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்னது, சென்னை வெயிலுக்கு இல்லை. பீச்சியதும் ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம், நான்கு நாள் தாங்கும். அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்துக் குளிர் எடுத்தால் போதும். அலுவலகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பீச்ச இடம் இருக்கிறதா என்று இப்போதே போய்க் கேட்டுவிடுங்கள்.